பத்து நாள் பொய்

பதினெட்டு வருடமாக நான் ஒரே ஒரு பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். மற்றபடி நான் நல்லவள்தான், வேண்டுமானால் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஒரு வழக்கில் முப்பதாம் தேதிக்குள் மேல்முறையீடு போட வேண்டும் என்றால், ஆபீஸ் டைரியில் இருபதாம் தேதி கடைசி நாள் என்று சிவப்பு மையில் எழுதுவேன். அவ்வளவுதான் அந்தப் பொய்.

நான் வக்கீல் குமாஸ்தா. மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் வக்கீல் சார், ஒன்றில் நானும் இரும்பு அலமாரியும். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடியும். எங்கள் சாருக்குக் கோர்ட் வட்டாரத்தில் 'நாளைக்கு சார்' என்று பெயர். எந்தக் கேஸ் கட்டை நீட்டினாலும் "நாளைக்குப் பாக்கலாம்மா" என்பார். எழுந்து நின்று வாதாடினால் எதிர்த்தரப்புக்கு நாக்குத் தள்ளிவிடும், அதில் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து எழுதுகிற வேலை என்றால் மட்டும் கழுத்துக்குக் கத்தி வந்தால்தான் பேனாவைத் திறப்பார். அதனால்தான் கத்தியை நான் பத்து நாள் முன்னாலேயே கொண்டுவந்து வைத்தேன்.

இரண்டு மூன்று வருடத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார். டைரியில் உள்ள தேதி தாண்டிய பிறகு நிதானமாகக் காபி குடித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். நிஜக் கெடுவுக்கு முந்தின நாள் முடிப்பார். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஒருநாளும் இரண்டு பேரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. சில வீடுகளில் புருஷன் பெண்டாட்டி ஒரு விஷயத்தைப் பேசாமலே காலத்தை ஓட்டிவிடுவார்களே, அது மாதிரி ஓடியது. ஒரு மேல்முறையீட்டில்கூட நாள் தவறியதில்லை.

போன வருடம் சின்ன வக்கீல் ஆபீஸ்களுக்கான தொழில்நுட்பக் கூட்டம் ஒன்று இரண்டு நாள் நடந்தது. சார் போனார். கழுத்தில் அட்டையும் கையில் துணிப்பையுமாகத் திரும்பி வந்து, "இனிமே டைரியே கிடையாதும்மா" என்றார். மறுநாள் அவருடைய மச்சினன் மடிக்கணினியோடு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். சார் உள்ளே போனில் இருந்தார்.

"அக்கா, இதுக்குப் பேரு கெடு காலண்டர். நிஜத் தேதியை மட்டும் போடுங்க. பதினஞ்சு நாள், ஏழு நாள், மூணு நாள், ஒரு நாள்னு மாமா போன்ல அதுவே கத்தும்."

"உங்க மாமா கொஞ்சம்..."

"தெரியும்கா. அதுக்குத்தானே நாலு தடவை கத்த வைக்கறோம். கம்ப்யூட்டர்கிட்ட போய் பொய் சொன்னா அப்புறம் எதுதான் நிஜம்?"

நியாயமாகத்தான் பட்டது. நாற்பத்தி மூன்று வழக்குக்கும் நிஜத் தேதியையே போட்டேன். பாரம் இறங்கின மாதிரிகூட இருந்தது. சாரிடம் போய், 'சார், இதுல இருக்கறதெல்லாம் நிஜத் தேதி' என்று ஐந்தே வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவரை டைரியில் இருந்ததெல்லாம் பொய் என்று என் வாயாலேயே ஆகும். கூச்சம். மச்சினன் சொல்லியிருப்பான் என்று விட்டுவிட்டேன். மச்சினனுக்கு என் பொய்யே தெரியாது, அவன் எதைச் சொல்வான்!

சாருக்கோ ஒரே பூரிப்பு. பதினைந்தாவது நாளே வக்கீல்கள் சங்கத்தில் 'சிறிய ஆபீஸுக்குப் பத்து யோசனைகள்' என்று பேசினார். வந்தவர்களுக்குக் கொடுக்க நாலு பக்கக் கையேடு. அதை டைப் அடித்தது நான்தான்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கையின் வழக்கில் தீர்ப்பு வந்தது. எனக்கு இருப்பது ஒரே தங்கை. விவாகரத்தாகி, ஆறு வயதுப் பெண்ணோடு எங்கள் தெருவிலேயே தனியாக இருந்தாள். குழந்தையை நாங்கள் குட்டி என்போம். குட்டியின் அப்பா வெளிநாட்டில் இருக்கிறான். குழந்தை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று கேஸ் போட்டு, ஜெயித்தும்விட்டான். பள்ளிக்கூட வருடம் முடிந்ததும் குட்டியை அழைத்துப் போகலாம் என்று உத்தரவு. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட்டால் நிறுத்திவைக்கலாம். இல்லையென்றால் பிளேன் ஏறிவிடுவாள்.

தங்கை ஆபீஸுக்கு வந்து சார் முன்னால் அழுதாள். சார் தீர்ப்பை இரண்டு தடவை படித்தார்.

"அழாதம்மா. இது நிக்காது. குழந்தையை ஒரு வார்த்தை கேக்காமலே எழுதியிருக்கார். மேல போனா ஒரே வாய்தாவுல கிழிச்சிடலாம்."

வாய்ச்சவடால் இல்லை, எனக்கே தெரிந்தது. குட்டி என் மேஜைக்கடியில் உட்கார்ந்து பழைய தாளின் பின்பக்கத்தில் வீடு வரைந்துகொண்டிருந்தாள். "பெரியம்மா, ஜன்னல் எத்தனை போடட்டும்?" என்று கேட்டாள். உனக்கு இஷ்டப்பட்ட அளவு போடுடி என்றேன்.

பன்னிரண்டு பக்க மனுவை மூன்றே நாளில் தயார் செய்து சார் மேஜையில் வைத்தேன். அவர் திருத்திக் கையெழுத்துப் போட்டால் போதும். காலண்டரில் கடைசி நாளை ஏற்றினேன். வியாழக்கிழமை. நிஜ வியாழக்கிழமை.

அப்புறம் கண் ஆபரேஷனுக்குப் போனேன். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டது. பத்து நாள் எழுத்தும் திரையும் கூடாது என்றார் டாக்டர். பழைய நாளாக இருந்தால் போயிருக்கவே மாட்டேன். இப்போதுதான் கத்துவதற்கு ஒன்று இருக்கிறதே என்கிற தைரியம். அப்படியும் மனசு கேட்காமல் திங்கட்கிழமை தங்கையை விட்டு நம்பரைப் போடச் சொல்லிப் பேசினேன்.

"சார், தங்கச்சி அப்பீல். வியாழக்கிழமை கடைசி."

"தெரியும்மா, போன்லயும் மணி அடிச்சுது. நான் பாத்துக்கறேன். நீங்க கண்ணைப் பாருங்க."

தங்கை பக்கத்தில் நின்று கேட்டாள். "என்னக்கா சொல்றார்?"

"பாத்துக்கறேங்கறார்" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு ஆபீஸ் படியேறினேன். சார் தங்கையின் மனுவைத்தான் திருத்திக்கொண்டிருந்தார். எட்டாவது பக்கம்.

"என்ன சார் இது, இன்னும் போடலையா?"

"அஞ்சு நாள் இருக்கே. நாளைக்கு முடிச்சிடலாம்."

"எந்த அஞ்சு நாள்?"

அவர் சிரித்தார். "நீங்க பத்து நாள் முன்னாலதானே போடுவீங்க? எனக்கென்ன தெரியாதா? பதினஞ்சு வருஷமாத் தெரியும்மா."

"அது நிஜத் தேதி சார். போன வியாழக்கிழமையோட முடிஞ்சு போச்சு."

பேனாவைக் கீழே வைத்தார். தீர்ப்பு நகலை எடுத்து விரல்விட்டு எண்ணினார், திரும்பவும் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, "நிஜத் தேதின்னு சொல்ல வேண்டாமா?" என்று கத்தினார். "திங்கட்கிழமை சொன்னேனே!" என்று நானும் கத்தினேன். கீழே மருந்துக் கடையிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

கால் மணி நேரத்தில் அவர் தேறிவிட்டார், வக்கீல் இல்லையா. ஐந்து நாள் தாமதம்தானே, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டால் ஆச்சு என்றார். அந்த மனு எனக்குத் தலைகீழ்ப் பாடம். எல்லா ஆபீஸிலும் பழி குமாஸ்தாவின் தலையில்தான் விழும். மற்ற சில்லறை மனுக்களில் நாள் பிந்தினபோதெல்லாம் காகிதத்தில் எனக்கு மூன்று முறை மஞ்சள் காமாலை வந்திருக்கிறது, என் மாமனார் இரண்டு முறை செத்திருக்கிறார். அவர் இன்றைக்கும் கல்லு மாதிரி இருக்கிறார். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே டைப் அடித்தவள்தான் நான்.

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. "நடந்ததை அப்படியே எழுதுங்க சார்" என்றேன்.

"என்னன்னு? குமாஸ்தா பதினெட்டு வருஷமாப் பொய்த் தேதி போட்டாங்க, அன்னிக்கு ஒருநாள் நிஜம் சொன்னாங்க, நான் நம்பலைன்னா? ஜட்ஜ் சிரிப்பார். நாளைக்கு எவன் நம்ம ஆபீஸ் படி ஏறுவான்? உங்க தங்கச்சிக்காகத்தாம்மா. ஒரு கையெழுத்து."

குட்டிக்காக என்று நினைத்துத்தான் போட்டேன். 'கடைசி நாளைக் குறித்துவைக்க நான் மறந்துவிட்டேன். தாமதத்துக்கு என் கவனக்குறைவு மட்டுமே காரணம்' என்று என் வாயால் சொல்லி, என் கையால் அடித்து, கீழே கையெழுத்திட்டேன். நகல் தங்கைக்கும் போகும் என்று எனக்குத் தெரியும். சும்மா கோர்ட்டுக்காக எழுதறதுதான், எல்லாரும் எழுதறதுதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீலம்மா நிதானமாக எழுந்தார். கையில் நாலு பக்கத் தாள். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் அடித்த தாள் எனக்குத் தெரியாதா? மூன்றாவது யோசனையை நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'கெடுத் தேதியை ஆள் நினைவில் வைக்க விடாதீர்கள். எங்கள் ஆபீஸில் இப்போது கடைசி நாள் குமாஸ்தாவின் பொறுப்பே இல்லை. நான்கு முறை என் கைபேசியிலேயே மணி அடிக்கிறது.' இது அவரே சங்கத்துல கொடுத்ததுங்க. தீர்ப்புக்கு ஒரு வாரம் முன்னால."

நீதிபதி சாரைப் பார்த்தார். "உங்க போன்ல நாலு தடவை மணி அடிச்சிருக்கு. குமாஸ்தா மறந்தாங்கன்னு சொன்னா எப்படி?"

வாதாட எழுந்தால் ஊரையே கட்டிப்போடுகிற மனிதர், அன்றைக்குத் தண்ணீர் கேட்டார். மனு தள்ளுபடி. இதற்கும் மேலே ஒரு கோர்ட் உண்டு, ஆனால் அங்கே வழக்கு எழுவதற்குள் பள்ளிக்கூட வருடம் முடிந்துவிடும்.

வராந்தாவில் சாரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இப்போதாவது என் தங்கையிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

"நாளைக்குப் பேசலாம்மா" என்றார்.

"நாளைக்கா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்று போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. அவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

குட்டி கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் நானே போனேன். தங்கை பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டி பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். பத்து நாள் பொய், காலண்டர், சொல்லாமல் விட்ட ஐந்து வார்த்தை, சார் தப்பாகப் போட்ட கணக்கு, ஒன்றையும் விடவில்லை.

"நீயே பக்கத்துல நின்னியேடி. வியாழக்கிழமைன்னு சொன்னேனே."

"சொன்னே. பாத்துக்கறேங்கறார்னும் சொன்னே."

"நான் மறக்கலைடி. சத்தியமா மறக்கலை."

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள்.

"இது யார் கையெழுத்து?"

"என்னோடதுதான். ஆனா அது..."

"குட்டி பெரியவளாகித் தேடிக்கிட்டு வந்து, ஏம்மா என்னை விட்டேன்னு கேப்பா. நான் எதை எடுத்துக் காட்டட்டும், சொல்லு. நீ இப்ப சொன்னதையா, நீ எழுதினதையா?"

அவள் தாளைத் திரும்ப நாலாக மடித்து, குட்டியின் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.