ரெண்டு நொடிக்கு மேல்

கார்களுக்குள் இருக்கும் திரையை எப்படி வடிவமைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு அது. பதினான்கு பேர் படித்தார்கள். பதினான்கு பேரும் வாத்தியாருக்கு இளக்காரம்தான். "ஸ்டியரிங்கைத் தொட்டே பாக்காததுங்க எல்லாம் வண்டியைத் திருத்த வந்துடுச்சுங்க" என்று ஆசிரியர் அறையிலும் வகுப்பிலும் தினமும் கரித்துக்கொட்டுவார்.

ஏதோ ஒரு கார் கம்பெனியில் ஒன்பது வருடம் குப்பை கொட்டியவர். அங்கே பொத்தான்களையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் அடைத்த புண்ணியவான் அவர்தான். அதற்கு அவர் விருது வாங்கும் படம், வகுப்பில் கடிகாரம் மாட்ட வேண்டிய ஆணியில் தொங்கியது. மணி பார்க்க நிமிர்ந்தவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

வகுப்பின் நடுவில் ஒட்டுப்பலகையில் செய்த டம்மி கார் ஒன்று: பழைய சீட், ஸ்டியரிங், ஒரு திரை. எதிர்ச்சுவரில் சாலைப் படம் ஓடும். ஒருவர் வடிவமைத்ததை இன்னொருவர் உட்கார்ந்து இயக்க வேண்டும். ஓட்டுபவரின் கண் சாலையை விட்டுத் திரைக்கு இறங்கியதும் மொத்த வகுப்பும் எண்ணும். "ஒண்ணு... ரெண்டு... செத்தாச்சு!" இரண்டு நொடிக்கு மேல் கண்ணைப் பிடித்துவைத்தால், வடிவமைத்தவர் ஆளைக் கொன்றுவிட்டார் என்று அர்த்தம். மார்க் கிடையாது. இந்த விதியைப் போட்டவரும் வாத்தியார்தான்.

கடைசி வரிசையில் கொட்டாவி விடும் பெண்ணுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார். அவள் தினமும் காலை ஐந்திலிருந்து எட்டரை வரை அக்காவின் வாடகைக் காரை ஓட்டிவிட்டு வகுப்புக்கு வருகிறாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும். போன பருவத்தில் அவளைப் பெயிலாக்கியிருந்தார். இந்த முறையும் கோட்டைவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி.

இறுதித் தேர்வன்று துறைத் தலைவரான அம்மாள் மதிப்பெண் தாளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். தூங்குமூஞ்சி புதிதாகத் திரை எதையும் வரைந்து வரவில்லை. மரத்தில் கடைந்த உருண்டைத் திருகு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் பொருத்தினாள்.

"ஏம்மா, காருக்கு வரையச் சொன்னேனா, கேஸ் அடுப்புக்கா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

"முன்கண்ணாடி மங்கினா திருப்புறதுக்கு சார். முதல்ல இப்ப ரோட்டுல ஓடுற வண்டியோட திரையில பாத்துடுவோம். அப்புறம் இதுல. நீங்களே உக்காருங்க. இங்க யாருக்கும் ஓட்டத் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

ஒரு பொடிசு கூப்பிட்டு மறுப்பதாவது என்று அவர் உட்கார்ந்தார். அவள் நகலெடுத்து ஏற்றியிருந்த திரை ஒளிர்ந்தது. அவருடைய அதே திரை, விருது வாங்கியது. முகமெல்லாம் பல்லானது.

"இதா? இதைக் கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்."

"திறந்துக்கிட்டே பண்ணுங்க சார். கண்ணாடி மங்குது, தெளிய வைங்க."

சுவரில் சாலை ஓரங்களிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. முன்னால் ஒரு லாரி. அவர் திரையைப் பார்த்தார். பழக்கதோஷம், வகுப்பு வாயைத் திறந்துவிட்டது.

"ஒண்ணு..."

'குளிர்' என்பதைத் தொட்டார். அதில் இல்லை.

"ரெண்டு..."

'காற்று'. அதிலும் இல்லை.

"செத்தாச்சு!"

கத்திய பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. எல்லா வாயும் மூடிக்கொண்டது. தூங்குமூஞ்சி மட்டும் விடாமல் எண்ணினாள். நாலு. அஞ்சு. ஆறு. வாத்தியாரின் காது சிவந்தது. பதினொன்றில்தான் கண்ணாடியைத் தெளியவைக்கும் குறி 'வசதிகள்' என்ற பக்கத்துக்குள் அகப்பட்டது. முதல் பக்கம் நெரிசலாகத் தெரிகிறது என்று அதை அங்கே தள்ளியது தானேதான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆத்திரமாக இருந்தது.

"ஒழுங்கா காப்பி பண்ணலே இது."

அவள் செல்போனை நீட்டினாள். வண்டிக்குள் எடுத்த படம், அச்சு அசலாக அதே திரை. "எங்க அக்காவோட டாக்சி சார். காலைல நான்தான் ஓட்டுறேன்."

"திருகையும் பாத்துடுங்களேன்" என்றார் துறைத் தலைவர், தாளிலிருந்து தலை தூக்காமல்.

வாத்தியார் வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டினார். கண் சாலையிலேயே இருக்க, விரல்கள் தாமாகவே திருகைப் பிடித்துத் திருப்பின. கண்ணாடி தெளிந்தது. "ஒண்ணு" என்று சொல்லக்கூட வகுப்புக்கு வேலை வைக்கவில்லை.

தேற ஐம்பது வேண்டும். அவர் ஐம்பது போட்டார். அதற்கு மேல் ஒரு மார்க் போடக் கை வரவில்லை. பக்கத்தில் 'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று குறிப்பும் எழுதினார். அற்பத்தனத்துக்கும் ஒரு கையெழுத்து வேண்டுமே.

"தேறிட்டே. கிளம்பு."

அவள் திருகைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு அதே வண்டியத்தான் எடுக்கணும் சார். இப்ப பனி வேற. பின்னாடி ஆளுங்க உக்காந்திருப்பாங்க," என்றாள். "அங்க எண்ணிச் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க."