பெரிய படகுக்கு யார் டிரைவர்?

சின்னப் படகை ஓட்டியவள் நான். என் வீட்டுக்காரர் வலையைப் பார்ப்பார். நான் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடிப்பேன். கல்யாணமான புதிதில் அவருக்குத் தோள்பட்டை விலகியபோது கைக்கு வந்த வேலை. தோள் சரியான பிறகும் நான் விடவில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

கரையோரத்தில் மீன் அற்றுப்போனதால் சின்னப் படகை விற்றுவிட்டுப் பழைய விசைப்படகு ஒன்றை வாங்கினோம். இன்னொருவர் ஓட்டித் தேய்ந்த படகுதான், ஆனால் உடம்பு கெட்டி. ஐஸ் பெட்டி, வலை இழுக்கும் இயந்திரம், நின்று ஓட்ட ஒரு கேபின், அதற்குள் சக்கரம். வந்த அன்றே போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். நான் ஓட்டட்டுமா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்பானேன்?

கைப்பிடி வைத்த எஞ்சினில் படகு வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் கைப்பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். சக்கரம் அப்படியில்லை, எந்தப் பக்கம் சுற்றுகிறோமோ அந்தப் பக்கமே படகு திரும்பும். பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் படகுத்துறை கிட்டத்தில் வந்ததும் பதறிப்போய், பழைய வழக்கத்தில் எதிர்ப்பக்கம் சுற்றித் தொலைத்தேன். படகு நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. அங்கே தொங்கிய டயர் இல்லாவிட்டால் முன்பக்கம் பிளந்திருக்கும்.

"மீன் பிடிக்க வாங்கினோமா அண்ணி, செவுரு இடிக்க வாங்கினோமா?" என்று கொழுந்தன் சிரித்தான். துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "துறையில நம்ம மீசை அண்ணன் இருக்காருல்ல, அவர டிரைவரா போட்டுக்கலாம்னு பாக்கறேன். பெரிய படகு ஓட்டிப் பழகின கை."

"அப்ப நான்?"

"நீ வீட்ல இரு. இத்தன நாள் கஷ்டப்பட்டது போதாதா?"

கஷ்டமா? யார் பட்டது? கடலுக்குப் போகாத நாளில்தான் எனக்குத் தலைவலியே வரும். பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?

"மீசை வரட்டும், பக்கத்துல நிக்கட்டும். மொத தடவை கடலுக்குப் போறப்ப நான்தான் ஓட்டுவேன். தடுமாறினா நானே எறங்கிக்கறேன். போதுமா?"

என் வாயை அடைக்கத்தான் தலையாட்டினார். தெரியாதா எனக்கு?

சமையலறையில் பெரிய சட்டியின் மூடியைச் சக்கரம் போலப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். அது உதவவில்லை. அடுப்படியில் யார் பதறப்போகிறார்கள்? கொழுந்தனைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகைத் துறைமுகத்துக்குள் அலையில்லாத பக்கம் கொண்டுபோனேன். அவன் முன்னால் நின்று திடீர் திடீரென்று "இடம்! வலம்!" என்று கத்தி என்னைப் பதறவைக்க வேண்டும். யோசித்துத் திருப்ப எனக்குத் தெரியும். யோசிக்க நேரமில்லாதபோது கை என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். தப்பு. மறுபடியும் தப்பு. பிறகு சரி. உடனே தப்பு.

"அண்ணி, தலை சுத்துது. கால்ல விழறேன், விட்டுடுங்க."

"வாந்தி வந்தா வெளிய எடு. கத்தறத நிறுத்தாத."

முதல் பயணத்தில் ஆழத்தில் நல்ல மீன் பட்டது. திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. துறைமுக வாயிலில் இரண்டு பக்கமும் கருங்கல் தடுப்பு, நடுவில் குறுகலான வழி. மீனும் ஐஸுமாகப் படகு கனத்துக் கிடந்தது. நுழையும் நேரத்தில் பின்னாலிருந்து வந்த அலை எங்களைத் தூக்கி, முன்பக்கத்தை இடப்பக்கக் கற்களை நோக்கித் தள்ளியது.

"விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்!" என்று மீசை சக்கரத்துக்குக் கை நீட்டினார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பாதியிலேயே பிடித்துக்கொண்டார். "அண்ணே, கைய எடுங்க. அவ பாத்துப்பா."

நான் ஏற்கெனவே வலப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. கற்கள் கேபின் ஜன்னலை ஒட்டி வந்து, மெல்ல விலகின. படகு நிமிர்ந்து உள்ளே நுழைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டுமே என்று விட்டுவிட்டேன்.

துறையில் கயிறு கட்டியதும் மீசை தலையைச் சொறிந்தார். "அப்ப நாளைக்கு நான் வரணுமா, வேணாமா?"

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"கண்டிப்பா வாங்கண்ணே," என்றேன். "வலை பெரிசு. இழுக்க ஆள் பத்தல."