ஜன்னலடிக் கீரை

சித்திரை பிறந்து பத்து நாளாகியும் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. வீட்டைச் சுற்றிப் புல் பூண்டெல்லாம் கருகி வெறும் மண் தெரிந்தது. கம்பவுண்டர் கங்கப்பனைச் சைக்கிள் வரைக்கும் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய சென்றாயன், மாமியார் படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே மட்டும் குப்பைக்கீரை ஒரு சாண் உயரத்துக்குச் செழித்து நிற்பதைப் பார்த்தான். தண்ணீர் பாயாத இடத்தில் சித்திரையில் கீரை முளைக்காது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சற்று முன்புதான் கங்கப்பன் மாமியார் கெம்பம்மாவின் நாக்கைப் பார்த்துவிட்டு முகம் சுளித்திருந்தார்.

"நாக்கு காஞ்ச தோலு மாதிரி இருக்குது. தண்ணி குடிக்கறாங்களா இல்லியாப்பா?"

"மூணு வேளையும் சொம்பு நெறைய வெக்கறனுங்க. காலியாத்தான் இருக்குது."

"குடிச்சிருந்தா இப்பிடி இருக்காது. இன்னும் நாலு நாளு இப்பிடியே உட்டயின்னா அப்பறம் என்னயக் கூப்புட்டு ஒண்ணும் ஆவப்போறதில்ல."

கெம்பம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் ருக்மணிக்குச் சென்றாயனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து இருபத்திரண்டு வருஷமாயிற்று. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒருநாளும் அவன் எதிரே நின்றதில்லை, முகம் பார்த்துப் பேசியதுமில்லை. அவன் முன்வாசலில் நுழைந்தால் அவள் பின்வாசலில் இறங்கிவிடுவாள். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள். மகள் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பது எதுவோ அதனிடம் சொல்வாள். "மாப்பிள்ளைக்குப் பசிக்கிற நேரம்" என்று அம்மிக்கல்லுக்கு அறிவித்துவிட்டுப் போனதும் உண்டு. ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டிலும் கூடக்குறைய இதே கதைதான்.

தை மாதம் அவளுக்கு இடது கையும் காலும் விழுந்துபோயின. ருக்மணிதான் எல்லாம் பார்த்தாள். பங்குனியில் ருக்மணிக்கே வயிற்றில் கட்டி என்று பெங்களூரில் அறுவை செய்தார்கள். பாரம் தூக்கக் கூடாது என்பதால் இரண்டு மாதத்துக்கு அங்கேயே தன் மகள் வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. கூலி வேலைக்கு வரும் சம்பங்கி விடியுமுன் ஒரு தரம், பொழுது இறங்கி ஒரு தரம் வந்து கிழவியைக் கொல்லைக்குத் தூக்கிப் போய், கழுவி, சேலை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். பகலெல்லாம் அவளுக்குக் காட்டு வேலை. சென்றாயனின் பங்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ராகிக் கஞ்சியும் சொம்பும் கைக்கு எட்டும்படி வைப்பது. அதைச் சரியாகச் செய்கிறோம் என்று அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

கீரையைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. மனிதன் இரண்டு பர்லாங்கு நடந்து கொண்டுவரும் தண்ணீரை ஜன்னல் வழியாகக் கவிழ்ப்பதா என்று உள்ளே போய்க் கேட்கப் பார்த்தான். நிலைப்படி வரைக்கும் வந்தவனுக்குக் கணக்கு விளங்கியது. விடியுமுன் ஒரு தரம், பொழுது இறங்கி ஒரு தரம். நடுவில் குடித்தால் நடுவில் கொல்லைக்குப் போக வேண்டும். நடுவில் வீட்டில் இருப்பது மாப்பிள்ளை ஒருவன்தான். இது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவன் வெட்கப்பட்டான்.

வீட்டுக்குள்ளேயே குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம் எருமை கட்டியிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று கழுத்தைச் சொறிந்துகொடுத்தான்.

"கருப்பி, ஜன்னலுக்குக் கீழ கீரை மொளச்சிருக்குது. நான் வெதைக்கல."

உள்ளே ஜன்னலோரக் கயிற்றுக் கட்டில் லேசாக முனகியது.

"கம்பவுண்டரு நாலு நாளுன்னு சொல்லிட்டுப் போறாரு. ருக்மணி வந்து கேட்டா நான் என்னா சொல்றது?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ஏ கருப்பி, குடிச்சா சும்மா இருக்குமா? சம்பங்கி பொழுது எறங்கித்தான் வருவா."

"நான் இருக்கறனே."

"மாப்பிள்ளை என்னயத் தூக்கறதுக்கு நான் செத்துப்போறது மேலுன்னு சொல்லு."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. காட்டில் எந்தப் பக்கம் முதலில் உழுவது என்று தீர்மானித்துவிட்டவள் போலச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் தான் பேச நினைக்காத ஒன்றை எருமையிடம் பேசினான்.

"எங்கம்மா சாவறப்ப இதே காட்டுலதான் கருப்பி தண்ணி கட்டிக்கிட்டு இருந்தன். ஒரு வாயி தண்ணி நான் குடுக்கல. அண்ணி குடுத்தாங்களாம். அதையும் அடுத்தவங்க சொல்லித்தான் கேட்டன்."

மத்தியானம் வைக்கோல் போருக்குப் பின்னால் நான்கு கழி நட்டு, ருக்மணியின் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினான். உள்ளே குழி தோண்டி, இரண்டு பக்கமும் கல் போட்டு, சாய்ந்துகொள்ள ஒரு மூங்கில் தட்டியும் பிடித்துக்கொள்ள ஒரு முளையும் வைத்தான். பிறகு சொம்பை நிரப்பி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தான்.

அன்றைக்கு அவள் குடிக்கவில்லை. மறுநாள் உச்சிவேளையில், "கருப்பி" என்று ஒரு குரல் வந்தது. மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு போனான். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். தன் கை அவள் மேல் படாதபடி கம்பளியோடு சேர்த்துச் சுருட்டித் தூக்கினான். சோளத்தட்டுக் கட்டு அளவுக்குத்தான் கனம்.

மறைப்புக்குள் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்து மேற்கே பார்த்து நின்றான். திரும்பி நிற்கிறான் என்பதை அவள் எப்படி அறிவாள்? மலைப்பக்கம் இல்லாத மாட்டையெல்லாம் இருப்பதுபோலப் பெயர் சொல்லி உரக்க அதட்டினான். குரல் எந்தத் திக்கில் போகிறது என்று உள்ளே கேட்க வேண்டுமே. வழியோடு போன எல்லப்பன் நின்று, "யாரப்பா ஓட்டற?" என்று கேட்டான். சென்றாயன் அவனையும் சேர்த்து அதட்டி அனுப்பினான்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, குளத்தடிக் கிணற்றிலிருந்து குடத்தோடு வந்து, சொம்பை நிரப்பிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். ஜன்னலடியில் கீரை தலை சாய்ந்து பழுத்துக் கிடந்தது. சில தண்டுகள் அடிவரைக்கும் காய்ந்திருந்தன. பயிர் வாடினால் தண்ணீர் விடுகிற கை, பழக்கத்தில் சொம்பைச் சாய்க்கப் போயிற்று.

நிறுத்திக்கொண்டான்.

"கருப்பி," என்றது உள்ளிருந்து குரல், "வெயிலு ஏறுதே, சொம்பு இன்னும் வரலியா?"

எருமையை விடியும்போதே மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தான். சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.