யார் முகமும் விட்டுப்போகவில்லை

ஊரில் அவர் எடுத்தது ஒரே ஒரு படம். அதற்கே டைரக்டர் என்று கூப்பிட்டார்கள். பிழைப்பு தேடி இந்த நாட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. இங்கே அவர் வீடியோக்காரர். கல்யாண மண்டபங்களிலேயே தலை நரைத்தது.

அந்தத் தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு: யார் முகமாவது விட்டுப்போவது. சித்தப்பா படத்தில் விழவில்லை என்றால் சித்தப்பா குடும்பமே பேச்சை முறித்துக்கொள்ளும். நாலா திசையும் சிதறிப்போன சனங்களுக்கு, ஒருநாள் ஒன்றாக இருந்தோம் என்பதற்கு வேறு சாட்சி ஏது?

இன்னொரு படத்துக்குப் பணம் போட ஆள் தேடிக்கொண்டே இருந்தார். இப்போதுதான் ஒரு கடை முதலாளி வாய்திறந்தார். "ஒரே ஒரு சீன் எடுத்துக் காட்டுங்க தம்பி. மனசுல நின்னா முழுப் படமும் என் பொறுப்பு."

அவர் எடுத்தது ஒரு சாவு வீடு. தாயின் சாவுக்குத் தாமதமாக வந்த மகன், உள்ளே வர முடியாமல் வாசலிலேயே உடைந்து அழுகிறான். கேமரா அவன் முகத்தைவிட்டு அசையக் கூடாது. மகனாக ஒரு பஸ் டிரைவர். துக்கத்துக்கு உட்கார்ந்தவர்கள் சொந்தக்காரர்கள்.

"சாப்பாடு போட்டாத்தான் கண்ணீர் வரும் மச்சான்," என்றான் மனைவியின் தம்பி.

டிரைவர் அழுத அழுகையில் அந்தக் கேலியெல்லாம் அடங்கிப்போனது. அவர் கேமராவை இறக்கினார். கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

வீட்டில் படத்தை ஓட்டிப் பார்த்த மனைவி கேட்டாள். "என்னங்க, அந்த டிரைவர் அழுறது எங்க?"

விம்மல் கிளம்பியதுமே கேமரா வாசலை விட்டு நகர்ந்திருந்தது. நாற்காலி வரிசையில் ஒவ்வொரு முகமாக நின்று நின்று போனது. மனைவியின் தம்பி காலரைச் சரிசெய்தான். பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுகையின் சத்தம் மட்டும் எங்கோ கேட்டது.

"நான் திருப்பவே இல்லையே."

"நீங்க திருப்பல. உங்க கை திருப்பிடுச்சு." கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள் அவள்தான். அந்தக் கையை அவளுக்குத் தெரியும்.

மறுபடி எடுக்கலாமா என்று டிரைவரிடம் போய் நின்றார்.

"வேணாம்ணே. எங்கம்மா போனப்ப லீவு கிடைக்கல. போன்லதான் பாத்தேன். அந்த அழுகைதான் அன்னைக்கு வந்துது. திரும்ப வராது."

வேறு வழியில்லாமல் இருந்ததையே கொண்டுபோய் முதலாளிக்குப் போட்டுக் காட்டினார். முதலாளி கடைசிவரை அசையாமல் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒருத்தரையும் விடலையே தம்பி! சினிமாவெல்லாம் இப்ப யாரு பாக்குறா, அத விடுங்க. அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணம். நீங்கதான் வரணும்."

வாசலில் நின்று அழுதவனைப் பற்றிச் சொல்லத்தான் வீடியோக்காரர் வாயைத் திறந்தார்.

"உங்க பக்கம் எத்தனை பேருங்க வருவாங்க?" என்று கேட்டார்.