மூன்றாவது பாத்தி

வெயில் காலம் பிறந்தால் அந்த வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வரும். வீட்டுக்குப் பின்னால் மூன்று பாத்தி, ஆளுக்கு ஒன்று. அவரவர் பாத்தியில் அவரவருக்குப் பிடித்ததைப் போடலாம். அம்மா கத்தரி போடுவாள், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் வெள்ளரி. மூன்றாவது, மகளின் அப்பாவுடையது. அவர் இறந்தபின் சும்மாவே கிடந்தது.

இந்த வருஷம் அதற்கு ஆள் வந்திருந்தார். எலக்ட்ரீஷியன். மழைக்காலத்தில்தான் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தார். தங்கமான மனுஷன். ஆனால் வாயைத் திறந்தால் இரண்டே பேச்சு: "நல்லாருக்கு", "எதுன்னாலும் சரி". காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தாலும் நல்லாருக்குதான். மகளிடம் எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு.

"உங்க பாத்தியில என்ன போடணும்?" என்று மகள் கேட்டாள்.

"உங்கப்பா என்னம்மா போடுவாரு?"

"பாகல்."

"அப்ப எனக்கும் அதே. ரொம்பப் பிடிக்கும்."

சொல்லிவிட்டாரே தவிர, பாகற்காய் என்றால் காத தூரம் ஓடுகிற ஆள். அப்பாவின் இடத்தில் அப்பாவின் கொடியே படர்ந்தால் பெண் சந்தோஷப்படும் என்று ஒரு கணக்கு. அவளோ விதையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பாகல் பழிவாங்குகிற மாதிரி காய்த்தது. முதல் காயைப் பாத்திக்காரர்தான் தின்ன வேண்டும்; அதுவும் சட்டம். அம்மா வதக்கிக் கொடுக்க, மகள் பரிமாறினாள்.

"எப்படியிருக்கு?"

"நல்லாருக்கு."

இன்னொரு கரண்டி விழுந்தது. "நெஜமாவா?"

"பிரமாதம்மா." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாவது கரண்டி வந்தபோது மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "வேண்டாம் தாயே! எனக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது. பொய் சொல்லிட்டேன்."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். மகள் சிரிக்கவில்லை.

"வந்ததுலேருந்து எதைக் கேட்டாலும் நல்லாருக்கு, எதுன்னாலும் சரி. விருந்தாளிங்கதான் அப்படிச் சொல்வாங்க." குரல் உடைந்தது. "விருந்தாளின்னா கிளம்பிடுவாங்கல்ல? நீங்க என்னைக்குக் கிளம்பப் போறீங்களோன்னு எனக்குப் பயமாவே இருக்கு."

நல்ல பேர் வாங்கப் போய், இத்தனை மாதமாக ஒரு குழந்தையின் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் தலையில் கை வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

கோடை இன்னும் பாக்கி இருந்தது. மறுநாள் சாயங்காலம் பாகலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் மண்ணைக் கொத்தினார்கள்.

"இப்ப சொல்லுங்க. என்ன போடணும்?"

"வெண்டை. பாத்தி முழுக்க."

"ஐயே, கொழகொழன்னு இருக்கும்! எனக்குப் பிடிக்காது. கீரை போடலாம்."

'எதுன்னாலும் சரி' அவருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"பிடிக்கலன்னா தின்னாதே. இது என் பாத்தி."

மகள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "அம்மா! இவரு என்கூட சண்டை போடுறாரு!"

அவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் புகார் சொன்னதே இல்லை.