சிங்கத்துக்கு முகம்

கடலுக்கு யாரும் இறங்கக் கூடாது என்று இராணுவம் அறிவித்த நாளிலிருந்து என் புருஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கச்சிமுகம்மது ஓடாவி என்றால் சாய்ந்தமருதில் தெரியாதவர்கள் இல்லை. தோணி கட்டுகிறவர். கடலே பூட்டிக் கிடக்கையில் தோணி யாருக்கு வேண்டும்? கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனிசன், ஒரு பழைய கலண்டரில் கிடந்த ஒல்லாந்தர் போர்க்கப்பல் படத்தைச் சுவரில் ஒட்டினார். அதைப் பார்த்துப் பார்த்து என் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு ஒரு கப்பல் கட்டத் தொடங்கினார்.

வீடெல்லாம் மரத்தூள். சோற்றிலும் மரத்தூள். கப்பல் பாய்களுக்கு அவர் உடுக்கிற நல்ல மருதமுனைச் சாறன் ஒன்று போனது. கயிறுகளுக்கு வலை நூல், பீரங்கிகளுக்குத் தீர்ந்துபோன பேனைக் குழாய்கள். எனக்கு வாய் ஓயவில்லை, அவருக்குக் காது கேட்கவில்லை.

படத்தில் கப்பலின் மூக்கில் ஒரு சிங்கம் பாய்ந்துகொண்டு நின்றது. அதையும் முதிரை மரத் துண்டொன்றில் செதுக்கினார். கால், முதுகு, வால் எல்லாம் அச்சு அசல். தலைக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். உயிருள்ளதற்கு முகம் வைப்பது எங்கள் மார்க்கத்தில் ஆகாது. கண், மூக்கு, வாய், பிடரிமயிர் எதுவும் இல்லாமல் ஒரு உருண்டையை மட்டும் விட்டு எண்ணெய் பூசினார். எண்ணெய் பட்டதும் மஞ்சள் உடம்பில் முதிரையின் ரேகைகள் வரிவரியாக எழுந்து நின்றன. நானே வாய்விட்டுப் புகழ்ந்தேன். பிடரியில்லாத மஞ்சள் மிருகம், உடம்பெல்லாம் வரி. அது எதைப் போல இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊரைச் சுற்றி வளைத்தார்கள். சந்தியில் லொறி நின்றது. என் தம்பி அபுல் ஹஸனை விசாரிக்கவென்றுதான் போன வருஷம் அந்த லொறியில் ஏற்றினார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

பக்கத்து வீட்டில் அலுமாரி கவிழ்கிற சத்தம் கேட்டது. பிறகு எங்கள் படலை திறந்தது. சீருடைக்காரர்கள் ஐந்தாறு பேர், முன்னால் அவர்களுடைய பெரியவன். துவக்குக் குழல் நுனியால் படுக்கைப் பாயைப் புரட்டினார்கள், அரிசிப் பானைக்குள் கையை விட்டார்கள். பெரியவன் மட்டும் கப்பலுக்கு முன்னால் நின்றுவிட்டான். பாய்களைத் தொட்டுப் பார்த்தான். முகத்தில் ஆசைகூடத் தெரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று நான் மூச்சு விடப்போன நேரம் அவன் குனிந்து கப்பலின் மூக்கைப் பார்த்தான்.

“கொட்டியா?” என்றான்.

அதற்குச் சிங்களம் படித்திருக்க வேண்டியதில்லை. புலியா என்று கேட்கிறான். அந்தச் சொல்லைக் காதில் வாங்காமல் இந்தக் கரையில் ஒரு பிள்ளையும் வளரவில்லை.

“இல்ல ஐயா, சிங்கம்! ஒல்லாந்தக்காரன்ட கப்பல் சிங்கம்!” என்றார் என் புருஷன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த கலண்டர் படத்தைக் காட்டினேன். “பாருங்க ஐயா, சிங்கந்தான். இதப் பாத்துத்தான் செஞ்ச.”

அவன் படத்தைப் பார்த்தான். பிடரியும் பல்லுமாக அதில் சிங்கம் நின்றது. பிறகு மரத்தைப் பார்த்தான். அந்த உருண்டையை விரலால் தட்டினான்.

“அங்க முகம் இருக்கு. இங்க இல்ல. ஏன் சிங்கம் முகம் எடுத்தது?”

புலி என்றால் புலிக்காக ஏற்றுவார்கள். சிங்கம் என்றால், நாட்டுக் கொடியில் நிற்கிற சிங்கத்தின் முகத்தை மழித்தவன் என்று ஏற்றுவார்கள். படத்தைக் காட்டிக் கொடுத்தவள் நான்.

பெரியவன் மேசையிலிருந்த உளியை எடுத்து அவர் கையில் திணித்தான். “இப்ப செய். நான் பாக்க.”

அவர் உளியை உருண்டையில் வைத்தார். கை நடுங்கியது. வைத்ததை எடுத்தார்.

“ஏலா ஐயா. மறுமையில, செஞ்ச உருவத்துக்கு உயிர் குடு எண்டு அல்லாஹ் கேட்பான். நான் எங்க போற உயிருக்கு?”

அந்தப் பேச்சில் பெரியவனுக்கு விளங்கியது முடியாது என்கிற அந்த ‘ஏலா’ ஒன்றுதான். தலையை அசைத்தான். இரண்டு பேர் என் புருஷனின் கைகளைப் பின்னால் முறுக்கினார்கள். உளி நிலத்தில் விழுந்தது.

சந்தியில் லொறி உறுமிக்கொண்டு நின்றது. எனக்கு லொறியும் என் தம்பியும் தவிர வேறெதுவும் தெரியவில்லை. குனிந்து உளியை எடுத்தேன். மீன் செதிள் சுரண்டத் தெரிந்த கை, மரம் என்ன கண்டது? குத்தினேன். ஒரு கண் பள்ளமாக விழுந்தது. மற்றக் கண்ணுக்குப் போகையில் உளி வழுக்கிப் பெருவிரலைக் கிழித்தது. அந்தக் கண்ணை விட்டுவிட்டு வாயைக் கீறினேன், சுற்றிவரப் பிடரியைக் கீறினேன். இரத்தம் வடிய வடிய அதைப் பெரியவனிடம் திருப்பினேன்.

“சிங்கம் ஐயா. பாருங்க, சிங்கம்.”

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வெடித்தது.

“பூசா!” என்றான். “நோனா பூனை செஞ்சது!” நோனா என்றது என்னைத்தான்.

மற்றவர்களும் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களால் கையை இறுக்கிப் பிடித்திருக்க முடியாதே, விட்டுவிட்டார்கள். சிரித்தபடியே படலையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

நான் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். துவக்குக்குப் பயந்த பயம் இறங்கியதும் அதைவிடப் பெரிய பயம் ஒன்று ஏறியது. திரும்பி வந்தபோது அவர் பாய் தைத்து மிஞ்சிய சாறன் துண்டோடு காத்திருந்தார்.

“கையக் காட்டு புள்ள.”

“கை கிடக்கட்டும்!” என்று கத்தினேன். “ஒங்களுக்கு ஒங்கட உசிரு பெரிசில்ல. இப்ப முகம் வெச்சது நான். மறுமையில என்னையில்லயா கேப்பான்? என்னத்த செல்லுற மச்சான் நான், என்னத்த செல்லுற?”

அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். விரலைச் சுற்றிக் கட்டினார். பிறகு உளியை எடுத்து, என் இரத்தத்தைத் துடைத்து, கப்பலின் மூக்கை மடிப்பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் விட்ட மற்றக் கண்ணை மெல்ல மெல்லத் தோண்டத் தொடங்கினார்.

“என்ன செய்றீங்க? அவனுகள் போயிட்டானுகளே!”

“தெரியும்.”

“அப்ப என்னத்துக்கு?”

“அல்லாஹ் கேக்கிற அண்டைக்கு நீ தனிய நிக்கவா? ரெண்டு பேருமா நிப்பம்.”

துவக்குக்கு முன்னால் நடுங்கியதைவிட அவர் கை இப்போது அதிகமாக நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை.