பாக்கியமேரிக்கு வந்தது கேஸ் இல்லை

திண்டிவனம் மண்டியில் மத்தியானம் மல்லாட்டைக் கடலை மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தபோது பாக்கியமேரிக்கு முதலில் வலித்தது நெஞ்சு அல்ல, தாடை. பிறகு முதுகு. பிறகு புடவை நனையும் அளவுக்கு வேர்த்துக் கொட்டியது. கணவர் சவரிராயன் ஆட்டோ பிடித்து, வழக்கமாகப் போகும் நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்.

இளம் டாக்டர் இசிஜி எடுத்துப் பார்த்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவரிராயனிடம்தான் பேசினார்.

"இசிஜி நார்மல் சார். கேஸ்தான். இந்த வயசுல லேடீஸுக்கு பயமும் சேர்ந்துக்கும். ஊசி போடுறேன், கூட்டிட்டுப் போங்க."

வலியைவிட அந்தப் பேச்சுதான் பாக்கியமேரிக்குச் சுருக்கென்று தைத்தது. போன மாசம் இதே கட்டிலில் சவரிராயன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். இதே டாக்டர்தான். அப்போதும் இசிஜி நார்மல். ஆனால் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. மாரடைப்பு என்றால் இதயத் தசையிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியும் என்று சொல்லி ட்ரோபோனின் டெஸ்ட் எடுத்தார். சாயங்காலம் வரை படுக்க வைத்து மறுபடியும் எடுத்தார். கடைசியில் எல்லாம் கல்யாண வீட்டு பிரியாணி செய்த வேலை.

"இவருக்கு எடுத்தீங்களே அந்த ரத்த டெஸ்ட்டு, எனக்கும் எடுங்க டாக்டர்."

"அவருக்கு நெஞ்சு வலிம்மா. உங்களுக்குத் தாடைதானே?"

"வேர்த்து ஊத்துது. மூச்சு வாங்குது. இன்னும் இன்னா வரணும்?"

சவரிராயன் கூச்சத்தோடு அவள் தோளைத் தொட்டார். "டாக்டரு சொல்றாரு இல்ல மேரி. வா, போலாம்."

"நீங்க போங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்."

தொல்லை விட்டால் போதும் என்று டாக்டர் தலையாட்ட, நர்ஸ் கிருஷ்ணவேணி ரத்தம் எடுத்தாள். சோதனை அட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது. டாக்டர் அதையும் சவரிராயனிடமே நீட்டினார். "நெகட்டிவ். இப்ப நிம்மதியா?"

"அவருக்கும் மொதல்ல ஒத்தக் கோடுதான்" என்றாள் பாக்கியமேரி. "வலி வந்த ஒடனே தெரியாது, கொஞ்ச நேரம் கழிச்சுதான் காட்டும்னு நீங்கதான சொன்னீங்க. அவரு ரத்தத்துக்கு ஒரு நியாயம், என் ரத்தத்துக்கு ஒரு நியாயமா?"

டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே படுத்திருந்தாள். சாயங்காலம் கிருஷ்ணவேணியைக் கூப்பிட்டு, தானே கையை நீட்டினாள்.

இந்த முறை இரண்டு கோடு.

அதற்குப் பிறகு அந்த நர்சிங் ஹோமில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். ஆம்புலன்ஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே அலறிக்கொண்டு போனபோது, சவரிராயன் அவள் பாதத்தைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தாள். இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. மத்தியானமே சிகிச்சை தொடங்கியிருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்றார்கள்.

வார்டுக்கு மாற்றிய அன்று சவரிராயன் போனில் குழைந்துகொண்டிருந்தார். "ரொம்ப நன்றி டாக்டர். நீங்க கரெக்டா அனுப்பி வெச்சதாலதான் பொழைச்சிக்கினா."

பாக்கியமேரி கை நீட்டி போனை வாங்கினாள்.

"நீங்க அனுப்பி நான் பொழைக்கல டாக்டர். நீங்க போகச் சொல்லியும் போகாம கெடந்தேன், அதனால பொழைச்சேன். நாளைக்கு இன்னொருத்தி தாடை வலிக்குதுன்னு வருவா. அவளுக்கு இன்னா பண்ணுதுன்னு அவகிட்ட கேளுங்க. அவ புருஷன்கிட்ட கேக்காதீங்க."

அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை. போனை அணைத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

"இவ்ளோ கோவம் ஒடம்புக்கு ஆவாது மேரி."

"நீங்களுந்தான் வா போலாம்னு என்னை எழுப்பினீங்க."

சவரிராயன் தலை குனிந்தார். பரவாயில்லை என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வருமா என்று வெகுநேரம் காத்திருந்தார். அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை.